காற்றில் அமோனியா: கேள்வி பதில்

கேள்வி: உமிழ்வு பெரிதாகக் கூடாத இடங்களிலும் காற்றில் அமோனியா கூடுகிறதாமே, எப்படி?

பதில்: சாணம், மூத்திரம், யூரியாவிலிருந்து கிளம்பும் அமோனியா காற்றில் கந்தக அமிலத்தையோ நைட்ரிக் அமிலத்தையோ சந்தித்தால் உப்புத் துகளாகிவிடும். வாயுவாகவே இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள், பக்கத்திலேயே படிந்துவிடும். துகளானால் பல நாள் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஐரோப்பாவும் அமெரிக்காவும், 2013-க்குப் பிறகு சீனாவும், கந்தக அமிலமாக மாறும் கந்தக டை ஆக்சைடை வெகுவாகக் குறைத்தன. பிடித்துக்கொள்ளப் போதிய அமிலம் இல்லாததால் அமோனியா வாயுவாகவே தங்குகிறது. செறிவு (காற்றில் இருக்கும் அளவு) வேறு, உமிழ்வு (வெளியாகும் அளவு) வேறு. இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் கந்தகத்தைக் குறைத்தது தப்பா?

பதில்: இல்லவே இல்லை. அமில மழை குறைந்தது, நுண்துகளும் குறைந்தது. அமோனியாவை அப்படியே விட்டதுதான் தப்பு. அமெரிக்க மழைநீரில் நைட்ரிக் அமிலத்திலிருந்து வரும் நைட்ரேட் இறங்க, அமோனியாவிலிருந்து வரும் அமோனியம் ஏறியிருக்கிறது.

கேள்வி: அமோனியாவைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தில் சிந்து-கங்கைச் சமவெளி சிவப்பாகத் தெரிகிறதே, எத்தனை டன் வெளியாகிறது?

பதில்: மறுபடியும் சொல்கிறேன், செறிவு வேறு, உமிழ்வு வேறு. அங்கே உமிழ்வு மிக அதிகம்தான். ஆனால் நிறத்தைப் பார்த்து டன் கணக்கு சொல்ல முடியாது.

கேள்வி: அமோனியாவில் இருக்கும் நைட்ரஜன் உரம்தானே? காடு செழிக்கட்டுமே!

பதில்: இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1856 முதல் ஒரு புல்வெளிச் சோதனை நடக்கிறது. உரமே போடாத பாத்திகளில் சுமார் 40 வகைச் செடிகள். அமோனியம் உரத்தை அள்ளிப் போட்டு, சுண்ணாம்பு சேர்க்காமல் விட்ட சில பாத்திகளில் இரண்டு மூன்று வகைதான் மிஞ்சின.

கேள்வி (அதே நண்பர்): அது கையால் போட்ட உரம். காற்றில் வருவது சொற்பம்தானே?

பதில்: சரி, அளவு வேறுதான். ஆனால் மழைநீரை மட்டுமே நம்பி வாழும் கரிச்சதுப்பு நிலம் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ நைட்ரஜனுக்கு மேல் தாங்காது. லைக்கன் (பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் உயிர்) இன்னும் மென்மையானது. கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் அமோனியா தாண்டினாலே பாதிக்கப்படும். ஐரோப்பாவில் பெரிய மாட்டுப் பண்ணையை ஒட்டிய மரப்பட்டையைப் பாருங்கள்: தாடி போலத் தொங்கும் சாம்பல் லைக்கன் இருக்காது, நைட்ரஜன் விரும்பும் மஞ்சள் லைக்கன் அப்பியிருக்கும். அதைச் செழிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: வீட்டில் தரை துடைக்கும் திரவ நெடியால் தலைவலி...

பதில்: மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கருவியில் இந்த மாதம் அமோனியா அளவு இரட்டிப்பு. உமிழ்வு இரட்டித்ததா?

பதில்: மேலே இருமுறை சொல்லிவிட்டேன். வெயில் ஏறினாலே அளவு ஏறும்.

கேள்வி: குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. சாணக் குழம்பை மேலே தெளிக்காமல் மண்ணுக்குள் செலுத்துவது, தொட்டியை மூடுவது, யூரியாவைப் போட்ட கையோடு மண்ணில் புதைப்பது. நெதர்லாந்து இப்படி 1990-லிருந்து உமிழ்வைப் பாதிக்கும் மேல் குறைத்தது. அப்படியும் நிலத்தில் படியும் நைட்ரஜன் இயற்கை தாங்கும் அளவுக்கு மேலேயே நின்றதால், 2019-இல் அங்கே நீதிமன்றம் நைட்ரஜன் வெளியிடும் பண்ணை போன்றவற்றுக்கு அனுமதி தரும் அரசுத் திட்டத்தையே செல்லாது என்றது.