காலையில் மட்டும் விழும் ட்ரிப் சுவிட்ச்: பின்வளவுக் கொட்டிலுக்கு வயரிங்

நிலாவெளி வாசகர் ஒருவர் வீட்டிலிருந்து 25 மீற்றர் தள்ளி, பின்வளவில் இரும்புச் சட்டத்தின் மேல் தகரம் அடித்த கொட்டில் ஒன்றில் படகு எஞ்சின்களைத் திருத்தி வருகிறார். குசினி பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, கிரைண்டரையும் 2 குதிரை வலுக் கொம்பிரசரையும் சிறிய இன்வேர்ட்டர் வெல்டிங் இயந்திரத்தையும் அதிலேயே ஓட்டுகிறார். வாடைக்காலத்தில் காலை வேளைகளில் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டேயிருக்கிறது. பத்து மணிக்குப் பிறகு விழுவதில்லை. 'ட்ரிப்பைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்தால் தொல்லை தீரும்' என்று கூட வேலை செய்பவர் சொல்கிறாராம். அப்படிச் செய்யலாமா, கொட்டிலுக்கு முறையாக வயரிங் செய்வதென்றால் எப்படி என்பதே அவருடைய கேள்வி.

கழற்றவே கூடாது. உங்கள் கடிதத்திலுள்ள 'பத்து மணிக்குப் பிறகு விழுவதில்லை' என்ற வரியே நோயைச் சொல்லிவிடுகிறது. ட்ரிப் சுவிட்ச், அதாவது ஆர்.சி.சி.பி., சுமை கூடியதற்காக விழுவதில்லை, அது எம்.சி.பி. என்ற சிறு பிரேக்கரின் வேலை. லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றாயிருக்கின்றனவா என்று மட்டுமே ட்ரிப் பார்க்கிறது. 30 மில்லி அம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று கொண்டு துண்டித்துவிடுகிறது. கடற்காற்றின் உப்பு படிந்த பிளக்கும், கரித்தூள் அடைந்த கிரைண்டரும் இரவுப் பனியில் நனைந்தால் ஒழுகத்தான் செய்யும். வெயில் ஏறிக் காய்ந்ததும் ஒழுக்கு நின்றுவிடும். எக்ஸ்டென்ஷன் வயரை மெயினிலிருந்து பிடுங்கிவிட்டு அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: திருகாணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். பின்னர் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு ஒவ்வொன்றாகச் செருகினால் எதில் விழுகிறது என்பது தெரிந்துவிடும். என் ஊகம் கிரைண்டர்தான்.

கழற்றக்கூடாது என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு உங்கள் கடற்கரை ஊரின் மணலும் ஒரு காரணம். நம் இலங்கை வீடுகளில் எர்த் என்பது மின்சார சபையின் வயரில் வருவதன்று. நாமே நிலத்தில் அடிக்கும் செப்புக் கம்பிதான் எர்த். ஈரமான காலத்தில் அந்தக் கம்பியின் எர்த் தடை 60 ஓம் என்று வைத்துக்கொள்வோம். லைவ் வயர் தகரத்தில் பட்டால் 230 வோல்ற்றுக்கு 4 அம்பியர் அளவே நிலத்துக்குள் போகும். கச்சான் காற்று அடித்து மணல் காய்ந்து தடை 200 ஓமுக்கு ஏறினால் ஓர் அம்பியருக்குச் சற்று மேல்தான். 16 அம்பியர் எம்.சி.பி. இதற்கெல்லாம் அசையாது, கொட்டில் முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும், தகரத்தில் கை வைத்தவருக்குத்தான் அது தெரியவரும். ட்ரிப்போ இந்த ஓர் அம்பியரில் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். மணற்பாங்கான ஊரில் வீட்டாரைக் காப்பது அது ஒன்றுதான்.

இனி வயரிங்குக்கு வருவோம். குசினி பிளக்கை மறந்துவிட்டு, மெயின் போர்டிலிருந்தே கொட்டிலுக்குத் தனி லைன் எடுக்க வேண்டும். வயரின் பருமனில் கை இறுக்கம் பார்க்காதீர்கள். 2 குதிரை வலு மோட்டர் ஓடும்போது 10 அம்பியரளவு எடுத்தாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு இழுக்கும். அந்த 50 அம்பியர், 25 மீற்றர் நீளமான 1.5 சதுர மில்லிமீற்றர் எக்ஸ்டென்ஷன் வயரில் போகும்போது ஏறத்தாழ 36 வோல்ற் வழியிலேயே போய்விடுகிறது. இப்படிப்பட்ட இணைப்பில் கொம்பிரசர் உறுமிவிட்டு நிற்பதும் வயர் சுடுவதும் அதனால்தான். கடையில் 7/1.04 என்று கேட்டால் தரும் 6 சதுர மில்லிமீற்றர் வயரில் அதே இழப்பு 9 வோல்ற்றோடு நின்றுவிடும். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் இந்த லைனுக்கு 25 அம்பியர் எம்.சி.பி. போதும், மோட்டர் கிளம்பும்போது வீணாக விழாதிருக்க அது 'சி' வகையாக இருக்க வேண்டும். வெல்டிங்கும் கொம்பிரசரும் ஒரே நேரத்தில் ஓடக்கூடாது என்ற ஒழுங்கையும் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்: 2.5 மில்லிமீற்றர் றொட்டை 80 அம்பியரில் எரிக்கும்போது மெயினிலிருந்து 13 அம்பியர் அளவு போகிறது, வீட்டிலும் ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் உண்டு.

லைனை உலோகக் கவசமுள்ள ஆர்மர்ட் கேபிளாக இரண்டடி ஆழத்தில் புதைப்பது நல்லது. மணல் இடம் மாறும். ஒரு மாரிக்குப் பிறகு கேபிள் எத்தனை அடியில் கிடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆகவே மேலே எச்சரிக்கை நாடாவும் ஓடு வரிசையும் வையுங்கள். கொட்டிலுக்கென்று தனி எர்த் கம்பி ஒன்றை ஈரமணலைத் தொடும்வரை இறக்கி, இரும்புச் சட்டத்தையும் அதோடு பிணைக்க வேண்டும். குழிக்குள் உப்புக் கொட்டும் வழக்கம் இங்கே உண்டு. கடலோரத்தில் அது கம்பியைத் தின்னும், தேவையில்லை. உப்புவெளிப் பக்கம் நான் பார்த்த ஒரு கொட்டிலில் எர்த் வயர் இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒழுங்காகத்தான் கட்டப்பட்டிருந்தது. தோண்டிப் பார்த்தால், நிலத்துக்குக் கீழே குழாய் முழுவதும் எப்போதோ மின்சாரம் கடத்தாத பி.வி.சி.க்கு மாற்றப்பட்டிருந்தது.

உள்ளே பெட்டிகளும் பிளக் பொயின்ற்களும் தூசியும் நீரும் புகாத ஐ.பி.65 வகையாக, நிலத்திலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும். வட்ட முள், சதுர முள் என்று கலக்காமல் எல்லாவற்றையும் 13 அம்பியர் சதுர முள்ளாகவே போடுங்கள். வெல்டிங் இயந்திரத்துக்கு மட்டும் பிளக் இல்லாமல் நேரடியாக ஐசொலேட்டர் சுவிட்ச் வேண்டும். பழைய வீடானால் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். புது கேபிளில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தகுதி பெற்ற எலக்ட்ரீசியன் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். மீற்றருக்கு முன்னால் உள்ள எதையும் அவரும் தொடக்கூடாது.

ட்ரிப்பைப் பொறுத்தவரை, வீட்டு முனையில் இந்த லைனுக்கென்று 100 மில்லி அம்பியரில் சற்றுத் தாமதித்து விழும் வகையொன்றைத் தனியாக வைத்தால், கொட்டிலில் நேரும் கோளாறு வீட்டின் வெளிச்சத்தை அணைக்காது. கொட்டிலுக்குள் பிளக்குகளுக்கு ஒரு 30 மில்லி அம்பியர் ட்ரிப், லைட்டுகளுக்கு இன்னொன்று. கிரைண்டர் ஒழுகிப் பிளக் ட்ரிப் விழும் கணத்தில் வட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது லைட்டும் சேர்ந்து அணையக்கூடாது.