கிட்டார் கைவர எவ்வளவு நாள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு எனக்குத் தொழில். வயது 36. ஆலயத்தில் பாடகர் குழுவோடு வாசிக்க ஆசைப்பட்டு ஜனவரியில் ஒரு கிட்டார் வாங்கினேன். ஞாயிறுதோறும் மதியம் இரண்டு மணி நேரம் உட்காருகிறேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர் ஆகிய கார்ட்களை, அதாவது பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகளை, பிடிப்பேன். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பாட்டு நின்றுவிடுகிறது. எஃப் பிடித்தால் 'டப் டப்' என்று அடைத்த சத்தம்தான். எதுவானாலும் 10,000 மணி நேரம் பழகினால்தான் தேறும் என்கிறான் அக்கா மகன். அப்படியானால் எனக்கு எப்போது வரும்? இந்தக் கிறிஸ்துமஸ் கேரலுக்காவது வாசிக்க முடியுமா?

ச., குலசேகரம்

அன்புள்ள ச.,

முடியும். கேரலுக்கு நான்கைந்து பாட்டுகள், கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட்டு, நிற்காமல் வாசித்துவிடலாம். யார் எந்தப் பாட்டை எடுத்தாலும் கூடவே போகிற தேர்ச்சிக்கு இன்னும் ஒரு வருடம் வேண்டும், தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால்.

அந்த 10,000 மணி நேரம் உங்களுக்கான கணக்கே அல்ல. மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை வைத்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் 1993-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய எண் அது. அங்கே மிகச் சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் தனியாகப் பழகிய நேரத்தின் சராசரி. மேடைக் கலைஞராகப் போகிறவர்களின் கணக்கு. பாட்டுக்குத் துணை வாசிக்க 200 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும்.

உங்கள் ஆறு மாதத்தை எண்ணிப் பாருங்கள். 26 ஞாயிறு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி என்றால் 52 மணி நேரம். அதிலும் ஒவ்வொரு முறையும் ஏழு நாள் இடைவெளி. அதற்குள் விரல் மறந்துவிடும், இடது கை விரல்நுனியில் காய்த்த தோலும் இளகிவிடும். கத்தி பிடித்துக் காய்த்த உள்ளங்கை இதற்கு உதவாது. கம்பி படுகிற நுனிதான் காய்க்க வேண்டும். விடாமல் தினம் தொட்டால் மூன்று நான்கு வாரத்தில் காய்த்துவிடும். அதே இரண்டு மணி நேரத்தைத் தினம் இருபது நிமிடமாகப் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீரும். அரை மணி நேரமாக்கினால் டிசம்பர் 20-க்குள் இன்னும் 80 மணி நேரம் சேரும்.

எஃப் விஷயத்தில் உங்கள் விரலைக் குறை சொல்லும் முன் கிட்டாரைப் பாருங்கள். விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற வெள்ளைத் துண்டு, உயரமாக இருக்கும். அதனால் முதல் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவதில், அழுத்துவது பெரும்பாடு. சோதிப்பது எளிது. ஒரு கம்பியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேலே அந்தக் கம்பி எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு போதும். தீக்குச்சி நுழைந்தால் நட்டில் கம்பி உட்காரும் காடியை அராவ வேண்டும். இன்னொரு வழி: முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, எஃப் வடிவத்தையே ஒரு ஃப்ரெட் மேலே பிடியுங்கள். சட்டென்று சுலபமானால் குற்றம் நட்டில்தான். பன்னிரண்டாவது ஃப்ரெட்டிலும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஃப்ரெட்டின் உச்சிக்கும் ஆறாம் கம்பியின் (மிகத் தடித்தது) அடிக்கும் நடுவே 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, 3 வரை பரவாயில்லை, 4 என்றால் பழகியவருக்கே கை வலிக்கும். கிட்டார் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். கம்பியின் தடிமன் 12 கேஜாக இருந்தால், மெல்லிய 10-க்கு மாற்றுங்கள்.

நம் பக்கம் ஜூனிலிருந்து நவம்பர் வரை இரண்டு மழையும் அடுத்தடுத்து வரும். மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், அதன்மேல் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் உயரும், கம்பியும் கூடவே எழும்பும். சுவரில் மாட்டாமல் உறைக்குள் வையுங்கள். ஈரத்துக்குப் பயந்து ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரைப் பக்கம் வைத்துவிடாதீர்கள், அந்தச் சூட்டில் பசை விட்டுப்போகும். பால் உறையாமலிருக்க விடுகிற அமோனியாவும், உறைய ஊற்றுகிற ஆசிடும் வெண்கலக் கம்பியை அரித்துக் கறுக்க வைக்கும். சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகே கிட்டாரைத் தொடுங்கள்.

இனி எஃப். ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்க வேண்டியதில்லை. அது தாங்க வேண்டியது ஆறாவது, இரண்டாவது, முதல் கம்பிகளை மட்டும். மற்ற மூன்றை மற்ற மூன்று விரல்கள் பார்த்துக்கொள்ளும். விரலின் சதைப்பக்கம் படாமல், எலும்பு தட்டுப்படும் பக்கவாட்டை நட் பக்கமாகச் சற்று உருட்டி, ஃப்ரெட்டை ஒட்டி வையுங்கள். கட்டைவிரலால் நெரிக்காமல் முழங்கையின் கனத்தால் பின்னுக்கு இழுங்கள். முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகி, இரண்டு வாரம் கழித்து மூன்றாவதுக்கும், அப்புறம் முதலாவதுக்கும் இறங்குங்கள். இரண்டு மூன்று மாதம் ஆகும்.

அதுவரை எஃப் இல்லாமலே வாசிக்கலாம். ஜி வடிவக் குடும்பம், அதாவது ஜி, சி, டி, ஈ மைனர், ஏ மைனர், ஐந்தும் உங்களிடம் இருக்கிறது. பாடுகிறவர்களின் சுருதி 5 கட்டை (ஜி) என்றால் கேப்போ வேண்டாம். ஐந்தரைக்கு முதல் ஃப்ரெட், ஆறுக்கு இரண்டாவது, ஆறரைக்கு மூன்றாவது, ஏழுக்கு நான்காவது, 1 கட்டைக்கு ஐந்தாவது, ஒன்றரைக்கு ஆறாவது. கீபோர்டு வாசிப்பவரிடம் கட்டையைக் கேட்கும்போது சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானில் எத்தனை வைத்திருக்கிறார் என்றும் கேளுங்கள். அவர் விரல் சி-யில் இருக்கும், ஸ்பீக்கரில் வருவது சி ஷார்ப்பாக இருக்கும்.

பாட்டு நின்றுபோவதற்குக் காரணம், இடது கை தேடும்போது வலது கையும் சேர்ந்து நின்றுவிடுவது. வலது கையை நிறுத்தவே கூடாது. கார்ட் வராவிட்டால் வெறும் கம்பியையாவது தட்டிக்கொண்டே போங்கள். சபை உங்களுக்காக நிற்காது; ஒரு கார்ட் விட்டுப்போனதை யாரும் கவனிப்பதில்லை, தாளம் விட்டால் அத்தனை பேருக்கும் தெரியும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கார்ட்டே பிடிக்காமல் தினம் ஐந்து நிமிடம் வலது கையை மட்டும் ஆட்டுங்கள். திஸ்ர நடைப் பாட்டுகளுக்கு ஆறு எண்ணி, ஒன்றிலும் நாலிலும் அழுத்தம்.

பிறகு இரண்டே கார்ட் எடுத்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். 30 வந்தால் மெதுவான பாட்டுக்குப் போதும், 60 வந்தால் கேரலின் வேகத்துக்கும் தாங்கும். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போகையில் ஆள்காட்டியும் நடுவிரலும் அசையவே தேவையில்லை, மோதிர விரல் மட்டும் ஐந்தாம் கம்பியிலிருந்து மூன்றாம் கம்பிக்கு வரும். தொடங்க அதுவே நல்ல ஜோடி. பாட்டில் தட்டும் இடத்தை, முதல் வரியிலிருந்து ஓடிவந்து ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொள்ளாமல், அதற்கு முன்னும் பின்னும் ஒரு தாளவட்டம் மட்டும் வெட்டியெடுத்து இருபது தடவை வாசியுங்கள்.

கேரலுக்குப் பத்து நாள் முன்பு புதுக் கம்பி போட்டுவிடுங்கள். புதுக் கம்பி இழுபட்டு இளகும், இரண்டு மூன்று நாள் சுருதி நிற்காது. அதனால் முந்தின நாள் மாற்ற வேண்டாம். முதல் கம்பிதான் அடிக்கடி அறும். உதிரியாக ஒன்று உறைக்குள் இருக்கட்டும்.