கைப்பேசி படிக்கும் பார்கோடு, கடையில் படிக்காதது ஏன்?

கேள்வி: வீட்டில் மசாலைத் தூள் அரைத்து, சிறு பொட்டலங்களாகக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். 955 என்று தொடங்கும் 13 இலக்கப் பார்கோடு படத்தைக் கணினியில் பாதி அளவுக்குச் சுருக்கி, அழகுக்காக அதைச் சுற்றி நெருக்கமாக ஒரு கட்டமும் போட்டு, 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளிகள்) தெர்மல் பிரிண்டரில் அச்சிடுகிறேன். என் கைப்பேசி அதைப் படிக்கிறது; கடையின் லேசர் ஸ்கேனர் படிப்பதில்லை. என்ன காரணம்?
– வாசகி, ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அதே ஸ்கேனர் மற்றப் பொருள்களைத் தடையின்றிப் படிக்கிறதென்றால், பிழை உங்கள் லேபிளில்தான் இருக்கிறது. கைப்பேசி படிப்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அது முழுப் படத்தையும் எடுத்து ஆராய்வதால் சில குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். லேசர் ஸ்கேனரோ, கோடுகளின் குறுக்கே ஓடும் சிவப்பு ஒளி திரும்பி வருவதைக் கொண்டே கோடுகளின் அகலத்தையும் இடைவெளியின் அகலத்தையும் அளக்கிறது.

படத்தைச் சுருக்கியதே முதல் காரணம். இவ்வகைப் பார்கோட்டில் மிக மெல்லிய கோட்டின் இயல்பான அகலம் 0.33 மில்லிமீட்டர், கடைப் பயன்பாட்டுக்குப் பொதுவாக இதில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. பாதியாக்கினால் அது 0.165 மில்லிமீட்டராகிவிடும். உங்கள் பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகளே அச்சிடுவதால், அந்தக் கோட்டுக்கு ஒன்றேகால் புள்ளிக்குச் சற்று அதிகம் தேவைப்படும். புள்ளியைப் பிளந்து அச்சிட வழியில்லாததால், ஒரே அகலத்தில் இருக்க வேண்டிய கோடுகளில் சில ஒரு புள்ளியாகவும் சில இரண்டு புள்ளிகளாகவும் விழுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குளறுபடி ஸ்கேனரின் அளவீட்டைக் கெடுத்துவிடும். ஆகவே, படத்தை ஒட்டுவதை விட்டுவிட்டு, லேபிள் மென்பொருளிலேயே எண்ணைக் கொடுத்து, மெல்லிய கோட்டுக்கு மூன்று புள்ளிகள், அதாவது 0.375 மில்லிமீட்டர், என்று அமையுங்கள். இருபுறமும் விடவேண்டிய வெற்றிடம் உட்பட ஏறக்குறைய 42.4 மில்லிமீட்டர் அகலம் வேண்டியிருக்கும். முன்பக்கத்தில் இடமில்லையென்றால் பின்பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்குவது தகும்.

அந்தக் கட்டத்தையும் எடுத்துவிடுங்கள். இருபுறமும் உள்ள வெற்றிடம் பார்கோட்டின் பகுதியே. கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை ஸ்கேனர் அதைக் கொண்டுதான் அறிகிறது. மேற்சொன்ன அளவில் இடப்பக்கம் 4.1, வலப்பக்கம் 2.6 மில்லிமீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். அழகுக்காக இந்த இடத்தை நெருக்கும் பழக்கம் தொழில்முறை வடிவமைப்பாளர்களிடமும் இருப்பது வருத்தத்திற்குரியது.

இவற்றைச் சரிசெய்த பின்னும் ஸ்கேனர் படிக்கத் தயங்கினால், பிரிண்டரின் வெப்ப அளவை ஒரு படி குறையுங்கள். சூடு மிகுந்தால் கோடுகள் தடித்து இடைவெளிகள் அடைபடும். மை ரிப்பன் இல்லாமல் சூட்டாலேயே அச்சாகும் தெர்மல் தாளாக இருப்பின், வெயிலும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்டு அச்சு மங்கும் என்பதால், பொட்டலத்தைத் துடைத்த பிறகே லேபிளை ஒட்டுங்கள்.