உங்கள் மகளின் படத்தை யார் பார்க்க வேண்டும்?

வணக்கம் அண்ணா.

சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் படிப்பு விஷயமாக ஆலோசனை கேட்க என் மஞ்சக்குப்பம் அலுவலகத்துக்கு வந்தபோது வெளியே இன்னும் நான்கு குடும்பங்கள் காத்திருந்தன. பேச்சைப் பாதியில் முடிக்க வேண்டியதாகிவிட்டது. விட்டுப்போனதை எழுதுகிறேன். பாப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள், பாதிக் கடிதம் அவளுக்குத்தான்.

படம் வரைந்து பிழைக்க முடியுமா என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் கேட்டது வேறு. "ஒரு வருஷமா இன்ஸ்டாவுல போடுறேன் மிஸ், பதினஞ்சு லைக்கைத் தாண்டல. அப்போ என் படம் நல்லா இல்லைன்னுதானே அர்த்தம்?" அவள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை லைக்கை மார்க் மாதிரிப் பார்க்கத் தொடங்கினால், கொஞ்ச நாளில் பென்சிலைக் கீழே வைத்துவிடும். அப்புறம் உங்கள் கேள்விக்கு வேலையே இருக்காது.

அன்று இரவு அவள் என்னைத் தன் இன்ஸ்டா பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள். 140 படத்துக்கு மேல் இருக்கிறது. நடிகர்கள், அனிமே கண்கள், ராதை கிருஷ்ணன், மறுபடியும் நடிகர்கள். நடுவில் ஒரு படத்தில் நின்றுவிட்டேன். செய்தித்தாளில் பருப்பைக் கொட்டி, சணல் நூல் சுற்றிப் பொட்டலம் கட்டும் இரண்டு கைகள். உங்கள் கைகள் அண்ணா. ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த தழும்பைக்கூட விடவில்லை. நீங்கள் இந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தது, பாதிப் படம் மங்கல், ஓரத்தில் அவள் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. இரவு பன்னிரண்டரைக்குப் போட்டிருக்கிறாள். 9 லைக்.

படம் நல்லா இல்லை என்பதற்கும் அந்த 9-க்கும் சம்பந்தமே இல்லை. முதல் காரணம் சாதாரணமானது. அவள் பக்கம் பூட்டியிருக்கிறது. பிறந்த தேதியை உண்மையாகக் கொடுத்திருக்கிறாள், நல்ல பிள்ளை. 18 வயது ஆகாதவர் கணக்குத் தொடங்கினால் இன்ஸ்டாகிராம் அதைத் தானாகவே தனிப்பட்ட கணக்காக வைத்துவிடும். 16 நிறையாதவர்கள் அதை மாற்றப் பெற்றோர் அனுமதி வேண்டும். ஆக, இத்தனை நாளாக அவள் படங்களைப் பார்த்தது வகுப்புத் தோழிகளும் சொந்தக்காரர்களும்தான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே கண்காட்சி வைத்திருக்கிறாள்.

உடனே திறந்துவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கணக்கு தோழிகளுக்காக அப்படியே இருக்கட்டும். படத்துக்கென்று தனியாக ஒன்று தொடங்கி, அதை மட்டும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வையுங்கள், கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும். அதில் அவள் முகம், சீருடை, பள்ளிப் பெயர், வீட்டு வாசல், கைப்பேசி எண் எதுவும் வேண்டாம். கையும் காகிதமும் தெரிந்தால் போதும்.

அடுத்தது புகைப்படம். இதைச் சின்ன விஷயம் என்று பிள்ளைகள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இணையத்தில் யாரும் ஓவியத்தைப் பார்ப்பதில்லை, ஓவியத்தின் போட்டோவைத்தான் பார்க்கிறார்கள். பாப்பா, காலை எட்டிலிருந்து பத்துக்குள் மொட்டை மாடியில் நிழல் விழும் பக்கம் போ. நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். காகிதத்தைச் சுவரில் தட்டையாக ஒட்டு. போன் லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, படத்துக்கு நேர் எதிரே சாயாமல் பிடி. பென்சில் படத்தில் கிராஃபைட் மினுங்கும், அப்படி மினுங்கினால் பக்கவாட்டு வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொள். ஏ4 அளவுப் படமென்றால் இன்னும் நல்லது, ஸ்கேன் வசதியுள்ள ஜெராக்ஸ் கடையில் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து தரச் சொல். போனில் பார்ப்பவர்களுக்கு நீளவாக்குப் படம்தான் திரையை நிறைக்கும். அகலம் 1080, உயரம் 1350 பிக்சலில் வெட்டிக்கொள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒரு வருஷத்தில் வேறு யார் படத்துக்காவது நீ நின்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாய். ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிபோனவர் யார் வீட்டுக்கும் போகாமல், தன் வீட்டுக்கு யாருமே வரவில்லை என்று வருத்தப்பட்டால் அம்மா என்ன சொல்வாள்? ஓவியர்கள் கூடும் இடங்களும் தெருதான். தினமும் இருபது நிமிஷம் ஒதுக்கு. உன் அளவில் வரைபவர்கள், உன்னைவிட ஒரு படி மேலே இருப்பவர்கள் என்று பத்துப் பதினைந்து பேரைத் தேர்ந்தெடு. லட்சம் பேர் பின்தொடரும் பெரிய ஓவியருக்கு உன் கமெண்ட் கண்ணில் படாது. 400 பேர் வைத்திருப்பவர் நன்றி சொல்லி உன் பக்கத்துக்கும் வருவார்.

"சூப்பர்", "செம" என்று எழுதாதே. "என் பக்கத்தையும் பாருங்க" என்று எழுதவே எழுதாதே. என்ன பார்த்தாயோ அதை எழுது. "நிழலில் நீலம் கலந்திருக்கிறீர்கள், அதனால்தான் வெயில் சுடுகிறது" என்று ஒருவர் எழுதினால் வரைந்தவருக்கு அன்று தூக்கம் வராது. அப்படி எழுத வேண்டுமானால் நீ அந்தப் படத்தை இரண்டு நிமிஷமாவது பார்த்திருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிஷத்தில் உன் கையும் கற்றுக்கொள்ளும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் பிற்பாடு உனக்கு உதவப்போவதும் இந்தப் பழக்கம்தான். விளம்பர நிறுவனத்திலோ அனிமேஷன் ஸ்டூடியோவிலோ அடுத்தவர் படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும், தன் படத்தைப் பற்றிய கருத்தைக் கோபப்படாமல் கேட்பதும் தினப்படி வேலை.

இதில் கணக்கும் இருக்கிறது. இந்தத் தளங்கள் ஒரு படத்தை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கின்றன. அவர்கள் நின்று பார்க்கிறார்களா, சேமித்து வைக்கிறார்களா, இன்னொருவருக்கு அனுப்புகிறார்களா என்பதை வைத்து மற்றவர்களுக்குக் காட்டுகின்றன. அதனால்தான் காசு கொடுத்து ஃபாலோயர் வாங்குவதும், "நீ என்னை ஃபாலோ பண்ணு, நான் உன்னை" என்று சேர்ப்பதும் கெடுதலில் முடியும். அந்த ஆயிரம் பேரும் தாண்டிப் போவார்கள், தளமும் இந்தப் படத்தில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிவிடும்.

எந்தத் தளம் என்று கேட்டாய். இப்போதைக்கு ஒன்று போதும். ஆள் பழக இன்ஸ்டாகிராம், அல்லது 2000-லிருந்து ஓவியர்களுக்கென்றே நடக்கும் டீவியன்ட்ஆர்ட். அங்கே குழுக்களில் சேர்ந்து, படத்தைப் பற்றிக் கருத்தும் கேட்கலாம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அழகு" என்றுதான் பதில் வரும். "இடது கை கட்டைவிரல் தட்டையாகத் தெரிகிறதா?" என்று கேள், உண்மையான பதில் வரும். கல்லூரிக்குப் போனபின், செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் பிஹான்ஸ் தளத்தில் பக்கம் தொடங்கு, வேலை கொடுப்பவர்கள் பார்ப்பது அங்கேதான். வீடியோ கேம், சினிமா பக்கம் போக ஆசையிருந்தால் அதே மாதிரித் தளமான ஆர்ட்ஸ்டேஷன். இப்போதைக்கு இவற்றைப் பற்றிக் கவலைப்படாதே.

என்ன வரைவது என்பதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. நடிகர் படம் போட்டால் பார்ப்பார்கள், ஆனால் அந்த லைக் நடிகருக்கு. அதுவும் கூகுளில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது. அந்தப் புகைப்படத்துக்கு இன்னொருவர் சொந்தக்காரர். ஆசைக்கு ஐந்தில் ஒன்று போட்டுக்கொள். மீதி நாலும் நீ கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும். புதுச்சேரிக்குப் போய் மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் வரைபவர்கள் ஏராளம். கடலூரை யார் வரைகிறார்கள்? முதுநகர் துறைமுகத்தில் வலை பிரிப்பவர்கள், பாடலீஸ்வரர் கோயில் தெரு, பண்ருட்டியில் குவித்திருக்கும் பலாப்பழம், மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது சேரும் கூட்டம். 2007-ல் கேப்ரியல் காம்பனாரியோ என்ற ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகை ஓவியர் சியாட்டிலிலிருந்து தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற இயக்கம் இன்று பல நாடுகளில் நடக்கிறது. போட்டோவைப் பார்த்து வரையாமல், அந்த இடத்திலேயே உட்கார்ந்து வரைய வேண்டும் என்பதே அவர்கள் விதி. உனக்கு அது சரியாகப் பொருந்தும்.

ஓவியர் இளையராஜாவின் படங்களை வார இதழ்களில் பார்த்திருப்பாய். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்தவர், 2021-ல் கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். அடுப்படியிலும் வாசலிலும் விழும் வெளிச்சத்தில் நம் வீட்டுப் பெண்களை அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். கையெழுத்தைப் பார்க்காமலே இது இளையராஜா என்று சொல்லிவிடலாம். ஒன்றையே விடாமல் பார்த்ததால் வந்த அடையாளம் அது.

உனக்கு உன் அப்பா கடை இருக்கிறதே. படி, உழக்கு, தராசுத் தட்டு, சாக்கு மூட்டை, வெல்லத்தில் மொய்க்கும் ஈ, கடன் நோட்டு, மதியத்தில் முகத்தில் துண்டு போட்டுத் தூங்கும் அப்பா. முப்பது படம் வரை. ஒரே அளவுக் காகிதம், ஒரே பேனா. வாரம் இரண்டு, மாலை ஏழு மணி வாக்கில் போடு. பத்துப் படத்தை ஒரே நாளில் கொட்டாதே. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி தமிழில், ஒரு வரி ஆங்கிலத்தில் எழுது. உழக்கு என்றால் என்னவென்று தெரியாதவர்தான் நின்று கேட்பார். ஊர்ப் பெயரைப் போடு. ஹேஷ்டேக் நான்கைந்து போதும். வாரம் ஒருமுறை கை நகர்வதை இருபது விநாடி வீடியோவாகப் போடு. வெற்றுக் காகிதத்திலிருந்து தொடங்காமல், பாதி முடிந்த இடத்திலிருந்து தொடங்கு. முதல் இரண்டு விநாடியில் ஒன்றும் தெரியாவிட்டால் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பையன் மார்க்கெட்டில் காய் விற்கும் பெண்களை மட்டும் ஒரு வருஷம் வரைந்தான். 700 பேர்கூடப் பின்தொடரவில்லை. அந்த 700-ல் ஒருவர் சிறுவர் புத்தகம் போடுபவர், 12 பக்கத்துக்குப் படம் கேட்டார். எத்தனை பேர் என்பதைவிட யார் பார்க்கிறார்கள் என்பதை நான் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது உங்களுக்கு, அண்ணா. பக்கம் திறந்ததும் சில செய்திகள் வரும். "உன் படத்தைப் பெரிய விலைக்கு வாங்குகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டு", "பணம் அனுப்பிவிட்டேன், பின் நம்பரைப் போட்டு வாங்கிக்கொள்". இரண்டும் மோசடி. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். ஆர்டர் வந்தால் நீங்கள் பேசுங்கள், பாதிப் பணம் முன்னதாக வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வரைந்தவர்தான் பொதுவாக முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்துப் படம் வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்குப் போய்விடும். அந்தப் படத்தை அவள் தன் பக்கத்தில் போட வேண்டுமானால், ஆர்டர் எடுக்கும்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

படிப்பு விஷயம். புதுச்சேரி போகும் வழியில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, அரசு நிறுவனம், ஓவியத்தில் பட்டப்படிப்பு உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் எப்படி என்பதை நேரில் போய்க் கேளுங்கள். பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். நம் பக்கம் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உண்டு. சென்னைக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. டிசைன் பக்கம் என்றால் ஐஐடிகளின் பி.டெஸ் என்ற டிசைன் பட்டப்படிப்புக்கு யுசீட் என்ற நுழைவுத் தேர்வு, தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்குத் தனித் தேர்வு. யுசீட்டுக்குப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆகவே அவளை இப்போது பயாலஜியிலிருந்து மாற்ற வேண்டியதில்லை. இந்த இடங்களில் யாரும் லைக்கைக் கேட்க மாட்டார்கள். பார்த்து வரையும் கையையும் யோசிக்கும் விதத்தையும்தான் பார்ப்பார்கள். கடைத் தொடரின் முப்பது படமும், அவற்றுக்கு முன் கிறுக்கிய ஸ்கெட்ச்சுகளும் ஒரு ஃபைலில் சேர்ந்தால் அதுவே போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது அவள் திறமையைக் காட்டும் தொகுப்புக்கு, அடித்தளம். அதனால் கிறுக்கல்களைக் கிழித்துப்போட விடாதீர்கள்.

பிழைக்க முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு, முடியும் என்பதே என் பதில். புத்தகப் படம், விளம்பரம், அனிமேஷன், துணி வடிவமைப்பு, பள்ளி ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. முதல் மூன்று நான்கு வருஷம் வருமானம் சீராக இருக்காது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் முதுநகர்ப் பையன் ஒருவனிடம் "முதலில் டிப்ளமோ முடி, ஓவியம் எங்கேயும் போய்விடாது" என்று சொன்னேன். அவன் முடித்தான், வேலைக்கும் போனான், வரைவதை விட்டுவிட்டான். அவனை வழியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு சங்கடப்படுகிறது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், அன்று வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. கடைத் தொடரில் முதல் ஐந்து படமும் ஸ்கெட்ச் புக்கும் வரட்டும். அதற்கு முன் அந்தக் கைப் படத்தை அவளிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை கடையைப் பாதி நாள் சாத்துவீர்கள் அல்லவா, அப்போது இருவருமாக மாடிக்குப் போய், அவள் காகிதத்தைச் சுவரில் ஒட்ட, போட்டோவை நீங்கள் எடுங்கள்.