கைக்கோடரி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: ஸ்வீடனில் பணிபுரிகிறேன். வார இறுதிகளில் நண்பர்களோடு காட்டுப் பாதைகளில் நடந்து, கூடாரம் அடித்துத் தங்குவது வழக்கம். அதற்கென ஒரு சிறு கோடரி வாங்க எண்ணுகிறேன். எடை மிகக் குறைந்ததையே தேர்ந்தெடுக்கலாமா?
– வாசகர், உப்சாலா

பதில்: எடையைவிடக் காம்பின் நீளத்தை முதலில் பாருங்கள். நீங்கள் வசிக்கும் நாட்டிலேயே 1902 முதல் கோடரி செய்துவரும் கிரான்ஸ்ஃபோர்ஸ் புரூக் நிறுவனத்தின் 'வைல்ட்லைஃப்' கைக்கோடரி ஏறத்தாழ 35 செ.மீ. நீளமும் 600 கிராம் எடையும் கொண்டது. அதே நிறுவனத்தின் 'ஸ்மால் ஃபாரஸ்ட்' கோடரியோ 50 செ.மீ. நீளத்தையும் ஒரு கிலோ எடையையும் ஒட்டி வரும். சுள்ளி பிளக்கவும் கூடார முளை சீவவும் முன்னது போதும். ஆனால், அங்குள்ள தங்கும் குடில்கள் சிலவற்றில் அடுக்கி வைத்திருக்கும் பருத்த விறகைப் பிளக்க நேர்ந்தால், இரு கைகளாலும் பிடிக்க இடம் தரும் பின்னதே கைகொடுக்கும். கூடுதலாகச் சுமக்கும் அந்த 400 கிராம் வீண்போகாது என்பது என் கருத்து. அதைவிடப் பெரியது வேண்டாம். பிறர் நிலத்திலும் யாரும் நடந்து செல்லவும் கூடாரம் அடிக்கவும் இடம் தரும் ஸ்வீடனின் பொது உலாவும் உரிமை எவ்வளவுதான் தாராளமானது என்றாலும், நிற்கும் மரத்தை வெட்ட அது இடம் கொடுப்பதில்லை.

காம்பு குட்டையாக இருந்தால் ஆபத்து குறைவு என்று பலரும் நம்புகிறார்கள், உண்மை நேர்மாறானது. நின்றபடி ஓங்கிய குட்டைக் கோடரி குறி தவறினால், அதன் வீச்சு முழங்காலிலோ கணுக்காலிலோ வந்து முடியும். ஆகவே மண்டியிட்டு, விறகை ஒரு கட்டையின் மேல் நிறுத்திப் பிளந்தால், தவறிய வெட்டு கட்டையிலோ மண்ணிலோ இறங்கிவிடும்.

மரக்காம்பு என்றால் ஹிக்கரி என்னும் வட அமெரிக்க வன்மரம் நல்லது. காம்பின் அடிமுனையைத் திருப்பிப் பார்த்து, இழையோட்டம் கோடரி வாய்க்கு இணையாகச் செல்கிறதா என்று கவனியுங்கள். குறுக்கே ஓடினால் அந்தக் காம்பு எளிதில் முறியும். இழையை மறைக்கும் தடித்த வண்ணப்பூச்சு இருந்தால் வாங்காதீர்கள். ஃபிஸ்கார்ஸ் நிறுவனத்தின் நெகிழிக் காம்புக் கோடரிகள் விலை குறைந்தவை, உறுதியானவை. காம்பு சேதமானால் மட்டும் வீட்டில் மாற்ற இயலாது.

கேள்வி: கடுங்குளிரில் கோடரியின் கூர் உதிர்வதாகச் சொல்கிறார்களே?
– அதே வாசகர்

பதில்: உதிரலாம். குளிரில் எஃகின் நொறுங்கும் தன்மை கூடுகிறது. உறைந்த மரமும், குறிப்பாக அதன் கணுக்களும், இறுகிவிடுகின்றன. வேலையைத் தொடங்குமுன் கோடரித் தலையை உறையோடு மேலங்கிக்குள் சற்று நேரம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். கணுவுள்ள துண்டுகளை ஒதுக்கிவிடுங்கள்.