நெட்டிலிங்க வரிசையில் என்ன பூச்செடி வைக்கலாம்?

கேள்வி: சிங்கப்பூர் செராங்கூன் கார்டனில் செமி டிடாச்ட் வீடு. வடக்கு வேலியோரம் பழைய வீட்டுக்காரர் வைத்த நெட்டிலிங்க மரங்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து வீட்டு மாடியை நன்றாகவே மறைக்கின்றன, ஆனால் கீழே வெறுமையாக இருக்கிறது. நடுநடுவே காகிதப்பூ வைத்தேன், இலைதான் தள்ளுகிறது. மாமியார் சிவனுக்கு ஆகும் என்று அரளி வைக்கச் சொல்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. என்ன வைக்கலாம்?
– வாசகி, செராங்கூன்

பதில்: முதலில் அரளியை மறந்துவிடுங்கள். வேர், இலை, பூ எல்லாமே விஷம். கையில் கிடைப்பதை வாயில் வைக்கும் வயதில் பிள்ளை இருக்கும்போது மாமியாரும் புரிந்துகொள்வார்.

காகிதப்பூ மேல் தப்பில்லை. நம் நடைபாலங்களின் ஓரத்தில் அது எப்படிப் பூத்துக் கொட்டுகிறது, பார்த்திருப்பீர்கள். நாளெல்லாம் வெயில், வேர் பரவ இடமில்லாத தொட்டி. அதற்கு அதுதான் வேண்டும். தொட்டிக்கு மாற்றி கேட்டருகே வெயிலில் வையுங்கள்.

உங்களுக்குச் சிக்கல் வெளிச்சம்தான். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். உங்கள் மரங்களும் வடக்கே. ஆக, அந்த மாதங்களில் நிழல் முழுக்க உங்கள் தோட்டத்தில்தான் விழும். ஜூனில் மிக அதிகம். அதனால் செடியை மரங்களுக்கு நடுவே சொருகாமல், வரிசையை விட்டு நாலடி முன்னால் தள்ளி வையுங்கள். வேர்ப்போட்டியும் குறையும். குழி தோண்டும்போது தடித்த வேர் தட்டினால் வெட்டாமல் குழியை நகர்த்துங்கள். மரத்தடி மண்ணின் ஈரத்தை மரமே குடித்துவிடும்; நம்மூர் மழையை நம்பி முதல் சில மாதங்கள் தண்ணீர் ஊற்றாமல் இருந்துவிடாதீர்கள்.

என்ன செடி? என் ஓட்டு அடுக்கு நந்தியாவட்டைக்கு. அரை நிழலைத் தாங்கும், ஆளுயரம் வளர்ந்து கீழ் வெறுமையை மறைக்கும், வெள்ளைப் பூ சிவனுக்கும் ஆகும். ஒடித்தால் பால் வடியும், அதையும் பிள்ளை கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கனகாம்பரம்; அதுவும் அரை நிழலுக்கு ஒத்துவரும்.

இட்லிப்பூ ஆசை இருந்தால் சாலைப் பக்க வெயில் முனையில் மட்டும். சுவரை ஒட்டி வேண்டாம். சிமெண்டுச் சுண்ணாம்பு இறங்கிய மண்ணில் அதற்கு இரும்புச் சத்து எட்டாது; நரம்பு பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகிவிடும். அப்போது பலர் உரத்தை அள்ளிக் கொட்டுகிறார்கள், வீண் செலவு.

அப்புறம், மாதாமாதம் மெஷினோடு வரும் தோட்டக்காரர். அவருக்கு எல்லாச் செடியும் சதுரப் பெட்டியாக இருக்க வேண்டும். இட்லிப்பூவும் நந்தியாவட்டையும் கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். நுனியைச் சீவிக்கொண்டே இருந்தால் பூ எங்கிருந்து வரும்? ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் நீங்களே கத்தரியால் நீண்ட கிளைகளை மட்டும் குறையுங்கள். அவரை நெட்டிலிங்கச் சருகு வாரச் சொல்லுங்கள். அது வடிகாலில் அடைத்துத் தண்ணீர் தேங்கினால் கொசுதான் பெருகும்.