பட்டியலும் வைரமும்

கேள்வி: 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படத்தை இருமுறை பார்த்துவிட்டேன். அதற்கு மூலமான தாமஸ் கெனீலியின் 'ஷிண்ட்லர்ஸ் ஆர்க்' நாவலை இனிப் படித்தால் புதிதாக ஏதேனும் கிடைக்குமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: தாராளமாகக் கிடைக்கும். ஸ்பீல்பெர்க்கின் படத்தில் (1993), நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காக்கத் தம் தொழிற்சாலைக்கு அழைத்துக்கொள்ளும் ஜெர்மானியத் தொழிலதிபர் ஷிண்ட்லர், காக்க வேண்டியவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்ல, கணக்கர் ஸ்டெர்ன் இரவெல்லாம் தட்டச்சு செய்யும் காட்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1982இல் புக்கர் பரிசு பெற்ற நாவலிலோ அந்தப் பட்டியல் இவ்வளவு தூய்மையாக உருவாவதில்லை. பிளாஷோவ் நாஜி வதைமுகாமில் அந்தப் பட்டியலில் பெயர்களைச் சேர்க்கவும் நீக்கவும் வாய்ப்புப் பெற்றிருந்த மார்செல் கோல்ட்பெர்க் என்னும் எழுத்தர், தாமும் ஒரு யூதக் கைதியாக இருந்துகொண்டே, சக கைதிகளிடம் கையூட்டுக் கேட்கிறார். ஷிண்ட்லருக்கு நன்கு அறிமுகமான ஃபெஃபர்பெர்க்கிடமே, "வைரம் இருக்கிறதா?" என்று விசாரிக்கிறார். 1980இல் பெவர்லி ஹில்ஸில் தம்முடைய தோல் பொருள் கடைக்குக் கைப்பெட்டி வாங்க வந்த கெனீலியைப் பிடித்து உட்காரவைத்து, இந்தக் கதையைச் சொன்னவரும் இதே ஃபெஃபர்பெர்க்தான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் இன்னொரு பெயருக்கு இடமில்லை என்னும் உண்மை, நாவலில் உறுத்துகிற அளவுக்குப் படத்தில் உறுத்தவில்லை. படத்தின் ஸ்டெர்ன்கூட உண்மையில் ஒரே மனிதரல்லர். ஷிண்ட்லரின் தொழிற்சாலை மேலாளர் பாங்கியர், முகாம் அலுவலக எழுத்தர் பெம்பர் ஆகியோரின் செயல்களையும் அவர் ஒருவரே சுமக்கிறார். மூன்றே கால் மணி நேரப் படத்திற்கு அது தேவைதான். ஆனால் கோல்ட்பெர்க்கின் பேரத்தை ஒதுக்கியதை அப்படிச் சமாதானம் சொல்லி ஏற்க என்னால் இயலவில்லை.

கேள்வி: "இன்னும் சிலரைக் காப்பாற்றியிருக்கலாமே" என்று ஷிண்ட்லர் கதறும் இறுதிக் காட்சி நாவலில் உண்டா?
– மதுரை வாசகர்

பதில்: இல்லை. கைதி ஒருவர் மனமுவந்து தந்த பல்தங்கத்தை உருக்கிச் செய்து ஷிண்ட்லருக்குக் கைதிகள் பரிசளித்த மோதிரம் நாவல், படம் இரண்டிலும் உண்டு. கதறல் படத்திற்கே உரியது. நன்றாக நடிக்கப்பட்ட காட்சிதான் என்றாலும், கெனீலியின் ஷிண்ட்லரைப் பக்கம் பக்கமாகப் பின்தொடர்ந்து வந்தவர்களுக்கு அது சற்று அந்நியமாகவே தோன்றும். அந்த நிமிடங்களை, படம் விட்டுவிட்ட வேறொரு நிகழ்ச்சிக்குக் கொடுத்திருக்கலாம். 1945 ஜனவரியில் கோலெஷோவ் என்னும் வதைமுகாமிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகளை அடைத்த சரக்கு ரயில் பெட்டிகள், பூட்டுகள் பனியில் இறுகிப்போன நிலையில் ஷிண்ட்லரின் புரூன்லிட்ஸ் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தன. கதவுகளை நெருப்புச் சுடரால் சூடாக்கித் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே சிலர் உறைந்து இறந்து கிடந்தனர். எஞ்சியோர் வெறும் எலும்புக்கூடுகளாக இருந்தனர். படத்தில் கணவரின் துரோகத்தைப் பொறுத்துக்கொள்ளும் மனைவியாக மட்டுமே வந்துபோகும் எமிலி, நாவலில் அவர்களுக்கு ரவைக் கஞ்சி காய்ச்சி, கரண்டி கரண்டியாக ஊட்டுகிறார்.